மருந்தில்லாத ஊசி

என் வலது தோள் வலிக்கிறது என்று வீட்டில் நிரூபிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நகரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகின்றன. பகலில் நான் பார்த்துக்கொள்வேன், ராத்திரி கணவர். நாள் முழுக்க அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்டு, ஊடை நூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொண்டிருந்தால், சாயங்காலம் கையைத் தூக்கித் தலை வார முடியாது. சித்தூரில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் மாமியாருக்கு வசதியாகப் போயிற்று. அதன் பிறகு நான் எப்போது முனகினாலும் அந்த ஸ்கேனைச் சொல்லியே வாயை அடைத்துவிடுவார்.

கணவர் சிரித்துவிட்டுப் போவார். எனக்கு அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஆடிக் கிருத்திகைக்கு முதுகில் கொக்கி குத்திக்கொண்டு திருத்தணிக்குக் காவடி எடுக்கிறவர் அவர். தெருவே மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றும். அத்தனை கொக்கி ஏறியும் வாய் திறக்காத மனிதருக்கு, நூல் முடிகிறவளின் தோள்வலி விளையாட்டாகத் தெரிந்தது. அவர் முதுகுக்கு யாரும் ஸ்கேன் கேட்டதில்லை. மறுநாள் முழுக்க அவர் படுத்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். என் வலி தினமும் வருவதால் அதற்கு மதிப்பில்லை.

கடைசியில் கை மேலே எழும்பவே இல்லை. ஒரு தறி நின்றுபோனது. தறி நின்ற பிறகுதான் என்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார்.

பிசியோதெரபி பார்க்கும் பெண் சின்ன வயதுக்காரி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, தசைதான் இறுகி முடிச்சாகிவிட்டது, அதில் ஊசி குத்தி விட்டால் தளரும் என்றாள். என்ன மருந்து போடுவீர்கள் என்று கணவர் கேட்டார். மருந்தே கிடையாது, வெறும் ஊசிதான் என்றாள்.

"மருந்து இல்லாத ஊசிக்கா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்.

குப்புறப் படுத்தேன். ஊசி உள்ளே போனது பெரிதாகத் தெரியவில்லை. முடிச்சில் பட்டதும், ஈ உட்கார்ந்த மாட்டின் தோல்போல, சதை தானாகத் துள்ளியது. வலி காதுக்குப் பின்னால் வரை ஓடியது. தலையணையைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் தெலுங்கில் "இதி சூடண்டி", இதைப் பாருங்கள் என்று அவரைக் கிட்டே கூப்பிட்டு, ஊசியை லேசாக அசைத்தாள். மறுபடி துள்ளியது. யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்து காட்ட முடியாது, வேலை செய்து செய்து ஓய்ந்த சதை இது என்றாள். அவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது, ஆனால் உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

இரண்டு நாள் வலி இருக்கும், தறி பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். அவரும் தலையாட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். புத்தூர் தாண்டியதும், ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். இரண்டு வருடத்தில் முதல் முறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உருகித்தான் போனேன்.

வீட்டில் நுழைந்ததும் மாமியார் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வலி நெஜந்தாம்மா. நானே கண்ணால பாத்தேன். சதை அப்பிடித் துள்ளுது" என்றார் கணவர்.

அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்று இருந்தது எனக்கு. கணவர் என்னிடம் திரும்பினார்.

"வலது பக்கந்தானே? எடது கை நல்லாத்தானே கீது. நாளைக்கு ஒரு தறி மட்டும் ஓட்டு, போதும்."

குரலில் கோபமில்லை. பரிவாகத்தான் சொன்னார். இவருக்கு என் வலி தெரியவில்லை, தெரிந்தால் வேலை வாங்காமல் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் அத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை இடது கையால் தறியைப் போட்டபோது, அப்படி நினைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிருந்தது.