கேட் செல்லச்சாமியும் மொட்டைத் தலைகளும்

ஐம்பத்து இரண்டாம் வருஷம் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரமாக ஒரு டூரிங் கொட்டகை போட்டார்கள். அதன் வாசலில் நின்று டிக்கெட் கிழித்த செல்லச்சாமியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. ஊரில் யாரிடமாவது கேட்டிருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பார்கள். கிராம முன்சீப்பே வந்தாலும் குறுக்கே கையை நீட்டி டிக்கெட் கேட்பான். வேட்டி கட்டிக்கொண்டு வந்த போலீஸ்காரரை வெளியே நிறுத்தியிருக்கிறான். கொட்டகை முதலாளி குற்றாலநாத பிள்ளையின் சொந்த மருமகனை, கல்யாணமான மறுவாரமே, தரை டிக்கெட் வரிசையில் போய் நிற்கச் சொன்னான். முதலாளிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்து, "இவன்ட்ட எவன் பருப்பும் வேகாது, இவனே கேட்டுல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் பெயர் கேட் செல்லச்சாமி.

உண்மை என்னவென்றால், அவனுக்கு அந்த முன்சீப்பையோ மருமகனையோ யாரென்றே தெரியவில்லை.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்துவிடுவான். எதிரே நிற்கிறவரின் மூக்கு, வாய், நெற்றித் தழும்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் வந்தால் புது ஆள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவன் அப்பா எண்பது ஆட்டையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர். மகனோ மேய்ச்சல் முடிந்து அடுத்தவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பான். அதற்கு வாங்கிய அடியில்தான் ஊரை விட்டு ஓடி, கொட்டகையில் வந்து விழுந்தான். தனக்கு மூளை மட்டு என்று அவனே நம்பியிருந்தான். மட்டமான மூளையை ஊருக்குக் காட்டக் கூடாது என்று சில வழிகளும் வைத்திருந்தான். முதலாளியைச் செருப்புச் சத்தத்தில் கண்டுகொள்வான். ஆபரேட்டரை மூக்குப்பொடி வாசனையில். பேசிவிட்டால் போதும், ஒரு தடவை கேட்ட குரலை அவன் மறந்ததே இல்லை. அதனால் யார் எதிரே வந்தாலும் அவர்களாகப் பேசுகிற வரைக்கும் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பான். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் ஒரு நல்ல பெயர்.

பெண்டாட்டி கோமதித்தாய்க்கு இரண்டே சேலை, ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. ஏழையாக இருப்பதில் அவன் கண்ட ஒரே லாபம் அதுதான். சேலையும் மெட்டிச் சத்தமும் சேர்ந்துவிட்டால் அவள்தான் என்று தைரியமாக வாயைத் திறப்பான். மூன்று வயது மகள் இசக்கித்தாய்க்கு நேர்த்திக்காக முடியெடுக்காமல் வைத்திருந்தார்கள். உச்சியில் கட்டிய குடுமியும் அதில் ஒரு சிவப்பு ரிப்பனும் தெருக்கோடியில் வரும்போதே பிள்ளை யாரென்று சொல்லிவிடும். கோவிலுக்குள் மட்டும் அவனுக்குப் பயமில்லை. சங்கரநாராயணர் பாதி உடம்பில் பாம்பும் சடையும், மறுபாதியில் சங்கும் கிரீடமுமாக நிற்பார். சாமியை எல்லோருமே அப்படித்தானே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அங்கே அவன் மற்றவர்களுக்குச் சமம்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். ஒரு படம் வந்து கெடுத்தது.

அதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ரயில் கவிழ்ந்து தலையில் அடிபடுகிறது. பிழைத்து எழுந்து உட்கார்ந்தால் கணக்கு மறக்கவில்லை, பாடம் மறக்கவில்லை, பெண்டாட்டி பிள்ளைகளின் முகம் மட்டும் தெரியவில்லை. சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து 'யாரம்மா நீங்கள்' என்கிறார். மைத்துனர்கள் கூடிப் பேசி அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சங்கிலி போட்டு வைக்கிறார்கள். பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். கடைசி ரீலில் தூணில் தலை மோதி எல்லாம் சரியாகிவிடுகிறது.

முதல் நாள், தட்டிச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமிக்குக் காலெல்லாம் வேர்த்துவிட்டது. தனக்கு இருப்பது மட்டி மூளை இல்லை, அது ஒரு நோய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நோய்க்காரனை என்ன செய்வார்கள் என்பதும் கூடவே தெரிந்தது. படம் பன்னிரண்டு நாள் ஓடியது. பன்னிரண்டு நாளும் சங்கிலிக் காட்சி வரும்போது அவன் தட்டியை விட்டுத் தள்ளிப் போய் நிற்பான். பெண்கள் பகுதியில் மூக்கால் பேசுகிற ஒரு அம்மாள் நாலு தடவை வந்து படம் பார்த்தாள். நாலு தடவையும் "பாவம், அந்த மனுசன் என்ன செய்வாரு, தெரியலன்னா தெரியலதான" என்று விசும்பினாள். கேட்க ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் படம் தொடங்கியபின் கொட்டகைக்குப் பின்னால் போய், மூங்கில் கம்பத்தில் தலையை ஓங்கி மோதியும் பார்த்தான். கோழிமுட்டை அளவுக்கு வீங்கியதே தவிர, திரும்பி வந்து பார்த்தால் ஆபரேட்டர் புது ஆளாகத்தான் தெரிந்தார்.

கோமதித்தாயும் படம் பார்த்தாள். மறுநாள் காலையில் உலைக்கு அரிசி களைந்துகொண்டே, "அப்படி ஒரு ஆளு எனக்கு வாய்ச்சிருந்தா, பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள். "கட்டுன பொண்டாட்டியத் தெரியாதவனுக்குப் பிள்ளைய மட்டும் தெரியுமாக்கும். எவன் கையிலயாவது குடுத்துட்டு நிப்பான்."

அவள் ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். செல்லச்சாமி அதை அப்படியே விழுங்கி வைத்துக்கொண்டான். அவளுடைய அண்ணன் துரைப்பாண்டி கரிவலம்வந்தநல்லூரில் இருந்தான். கை முந்துகிற ஆள். தெரிந்தால் அன்றைக்கே வந்து தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். ஆளே தெரியாதவனுக்குக் கேட்டில் என்ன வேலை என்று முதலாளியும் கேட்பார். அப்புறம் சங்கிலிதான்.

இந்தச் சமயம் பார்த்து கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. இரண்டு வருஷமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட இசக்கித்தாயின் மொட்டையை இந்தத் தடவை போட்டே ஆக வேண்டும் என்று கோமதித்தாய் நின்றாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்தபோது புற்றுமண் பூசி வேண்டிக்கொண்டது. சாமி காரியத்தில் என்ன சொல்லி மறுப்பது? சரி என்றான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை.

தபசு அன்றைக்கு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இசக்கித்தாய்க்கு மொட்டை போட்டார்கள். குடுமியும் ரிப்பனும் கூடைக்குள் விழுந்த இடத்தை செல்லச்சாமி பார்த்துக்கொண்டே நின்றான். அழுது முடித்துச் சந்தனம் பூசிய தலையோடு, மஞ்சள் பாவாடையில் பிள்ளை எழுந்து நின்றது. சுற்றிலும் அதே போல நாற்பது ஐம்பது சந்தனத் தலைகள். அதில் பாதிக்கு மஞ்சள் பாவாடை. செல்லச்சாமி பிள்ளையின் கையைப் பிடித்தான். விட்டால்தானே வம்பு, விடவே கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

"நான் மிச்சச் சுத்தையும் முடிச்சிட்டு வாரேன். ரத வீதி முக்குல வளையல் கடை இருக்குல்லா, அங்கன நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, கோமதித்தாய் ஆடிச்சுற்று சுற்றப் போனாள். கோவிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவதாக அவளுக்கு ஒரு வேண்டுதல். பச்சைச் சேலை கூட்டத்தில் மறைகிறவரை அவன் பார்த்தான்.

சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லாமல் போனது. அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரம் வந்ததும் மேளச் சத்தத்தில் காது அடைத்தது. சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் கூட்டத்தின்மேல் வாரிச் சூறைவிட்டார்கள். ஜனம் ஒரே தள்ளாகத் தள்ளியது. முதுகில் யாரோ வந்து விழ, செல்லச்சாமி முழங்காலை ஊன்றிக் கீழே போனான். பிள்ளையின் கை நழுவியது. ஒரு நொடிதான். கண்ணைத் திறந்தபோது பக்கத்திலேயே சந்தனத் தலையும் மஞ்சள் பாவாடையுமாகப் பிள்ளை நின்று அழுதுகொண்டிருந்தது. உயிர் வந்தது அவனுக்கு. வாரித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியே நடந்தான். பிள்ளை திமிறியது. வத்தல் நெடி ஏறியிருக்கும் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

நாற்பது எட்டு போயிருக்க மாட்டான். பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"என் பிள்ளையத் தூக்கிட்டுப் போறான். பிள்ளபிடிக்காரன், பிடிங்க அவனை."

நாலு பேர் அவனைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள். "இது என் பிள்ளைய்யா" என்றான் செல்லச்சாமி. சொன்ன மறுகணமே அவனுக்கே சந்தேகம் வந்தது. என் பிள்ளைதானா? தோளில் இருந்ததை இறக்கி, அதன் முகத்தை உற்றுப் பார்த்தான். கண் இருந்தது, மூக்கு இருந்தது, வடிகிற மூக்குச்சளி இருந்தது. இசக்கியா இல்லையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளையை ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டு, சொல்ல முடியவில்லை.

"ஒம் பேரு என்ன தாயி?" என்று ஒரு கிழவர் பிள்ளையைக் கேட்டார்.

"சண்முகசுந்தரி."

முதல் அறை காதோடு விழுந்தது. அடுத்தடுத்து விழுந்ததை அவன் எண்ணவில்லை. அடி அவனுக்கு வலிக்கவுமில்லை. இது வேறு பிள்ளை என்றால் இசக்கி எங்கே? கூட்டத்தின் காலடியில் கிடக்கிறாளா, நிஜப் பிள்ளைபிடிக்காரன் எவனாவது தூக்கிக்கொண்டு போகிறானா? அவன் பிள்ளையோடு தன் தோளை உரசிக்கொண்டு போனாலும் தனக்குத் தெரியாதே என்று நினைத்தபோது கத்தி அழ வேண்டும் போல இருந்தது. "ஆளு தெரியாம தூக்கிட்டேன், தெரியாமத்தான் தூக்கிட்டேன்" என்றான்.

"பெத்த பிள்ள தெரியாமப் போகுமாவே? களவாணிப்பய. கையை ஒடிச்சி விடுங்க" என்றது மூக்கால் பேசுகிற ஒரு குரல். செல்லச்சாமி நிமிர்ந்து பார்த்தான். நாலு தடவை டிக்கெட் வாங்கி, அந்த வாத்தியாருக்காக விசும்பி அழுத அதே குரல்தான். முகம் எதுவென்று அவனுக்குத் தெரியாது.

அவன் பிடியை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். எதிரே ஒரு பெண் நின்றாள். கசங்காத புது மஞ்சள் சேலை, இடுப்பில் ஒரு பிள்ளை. நல்ல குடும்பத்துப் பெண்ணாகத் தெரிந்தாள். அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"தாயி, ஒரு பிள்ளையப் பாத்தியளா? மூணு வயசு. மொட்டை போட்டு சந்தனம் பூசியிருக்கும். இசக்கின்னு பேரு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் தாயி, பாத்தியளா?"

அந்தப் பெண் அவனையே பார்த்தபடி நின்றாள். அவள் இடுப்பில் இருந்த பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, "அய்யா" என்றது.

குரல் இசக்கியுடையது.

செல்லச்சாமி பிள்ளையைப் பார்த்தான். அதைத் தூக்கி வைத்திருந்தவளைப் பார்த்தான். மொட்டைக்குத் தாய்மாமன் சீராகச் சேலை எடுத்து வருகிற வழக்கம் ஊர் அறிந்ததுதான். சுற்று முடித்துக் குளித்து, கோமதித்தாய் அதைக் கட்டிக்கொண்டு வருவாள் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தோன்றாமல் போனது. மேளச் சத்தத்தில் மெட்டியும் கேட்கவில்லை. தூரத்தில் அம்மாவைக் கண்டதும், கை நழுவிய பிள்ளை அவளிடம் ஓடிவிட்டிருந்தது. கும்பிட்ட கையோடு அவன் அப்படியே நின்றான். எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது.

கூட்டத்தை நெட்டிக்கொண்டு துரைப்பாண்டி வந்தான். "என்ன மாப்ளே இது? எந் தங்கச்சியப் பாத்து தாயிங்கீரு, சொந்தப் பிள்ளைய வச்சிக்கிட்டே பிள்ளையத் தேடுதீரு. என்ன செய்யுது ஒமக்கு?"

கோமதித்தாய் புருஷன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

"வத்தல் கண்ணுல விழுந்துட்டுண்ணே" என்றாள் அவள். "சூறைவிட்டாங்கல்லா, ரெண்டு கண்ணுலயும் விழுந்துட்டு. அவுகளுக்கு ஒண்ணும் தெரியல. போயி தண்ணி கொண்டா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கண்ணு தெரியாத மனுசனையாய்யா இந்த அடி அடிச்சிய" என்றாள்.

அதுவரை காய்ந்து கிடந்த செல்லச்சாமியின் கண்ணிலிருந்து அப்போது பொலபொலவென்று கொட்டியது. பாவம், எரியுது போல, என்று யாரோ சொன்னார்கள். அடித்தவர்களில் ஒருவன் அவன் துண்டை எடுத்து உதறிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபின், அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து, அவள் இரண்டே கேள்வி கேட்டாள். "என்னைய இத்தன நாளும் எத வச்சிக் கண்டுபிடிச்சீக?" சேலையைச் சொன்னான், மெட்டியைச் சொன்னான். "பிள்ளைய?" குடுமியைச் சொன்னான். அவள் எழுந்து போய் ஒரு துணிமூட்டையைக் கட்டிக் கதவோரமாக வைத்தாள். 

காலையில் செல்லச்சாமி கண் விழித்தபோது வீட்டில் யாரும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நேற்றே கட்டி வைத்திருந்த துணிமூட்டையையும் காணோம். கரிவலத்துக்கு எட்டு மணிக்கு பஸ். ஓடிப் போய்க் கூப்பிடலாம் என்று எழுந்து, வாசல் வரை போய் நின்றுவிட்டான். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற இத்தனை பெண்களில் யாரைப் போய்க் கூப்பிடுவது? மறுபடியும் யாரிடமாவது கும்பிட்டு நிற்கவா? வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம், மஞ்சள் சேலை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு மொட்டைத்தலை. அந்த வாரம் தெருவில் வீட்டுக்கு வீடு மொட்டைத்தலை, மஞ்சள் சேலையும் நாலைந்து பேர் கட்டியிருந்தார்கள். செல்லச்சாமி எழுந்து நின்றான். வழக்கம் போலச் சிரிக்கப் பார்த்தான். அவள் நேரே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"நான்தான்" என்றாள் கோமதித்தாய். "அண்ணனை மூட்டையோட பஸ் ஏத்திட்டு வாரேன்."

அப்புறம் குனிந்து பிள்ளையின் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினாள். "ஏட்டி, நீயும் சொல்லு. அய்யாட்ட வரும்போது மொதல்ல சொல்லணும்."

"நாந்தான் இசக்கி" என்றது பிள்ளை.

செல்லச்சாமி குடத்தை வாங்கி இறக்கி வைத்தான்.