ஒரே சட்டி, இரண்டு கூலி

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விளக்கேற்றி மாரியம்மனைக் கும்பிடாமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

தளம் போடும் நாளில் கலவை இறுகுவதற்குள் வேலை முடிய வேண்டும். தரையிலிருந்து மாடி வரை சாரத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறி நிற்போம். கலவைச் சட்டி கைக்குக் கை மேலே போகும். எனக்குக் கீழே நிற்பவர் தூக்கித் தரும் அதே சட்டியைத்தான் நான் வாங்கி மேலே கொடுப்பேன். என் கைக்கு வந்ததும் அதன் கனம் குறைந்ததே இல்லை. சாயங்காலம் பொம்பளை என்று கூலி மட்டும் குறையும்.

என்னோடு ஒருத்தி வருவாள். அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். சோற்றுக்கும் மருந்துக்கும் அவள் கூலி ஒன்றுதான்.

ஒரு தளத்துக்கு, கலவை மெஷினுக்குப் பூப்போட்டுக் கற்பூரம் கொளுத்தி வைத்திருந்தார் மேஸ்திரி. மெஷின் ஓடத் தொடங்கியதும் அவள் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க மேஸ்திரி, வரிசைல நிக்கிற பொம்பளைக்கும் ஆம்பளைக் கூலி குடுத்துப்போடுங்க."

"ஏன் அம்மணி, மீசை மொளச்சிருச்சா?"

ஆண்கள் சிரித்தார்கள்.

"மொளைக்கலீங்க. ஆனா எங்கூட்டுல இப்ப நாந்தானுங்க ஆம்பள."

பெண்கள் யாரும் சட்டியைத் தொடவில்லை. கலவை காத்திருக்குமா? மேஸ்திரி கடுப்பாகி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "வரிசைல நிக்கிற எல்லாத்துக்கும் இனி ஒரே கூலி. ஆத்தா மேல சத்தியம். போதுமா?"

சொன்னபடியே அன்று கொடுத்தார். ஆத்தாதான் வந்து நின்றாள் என்று நினைத்து, போகிற வழியில் கோயிலில் நெய் விளக்குப் போட்டேன்.

அடுத்த தளத்துக்குப் போனபோது சாரம் முழுக்க ஆண்கள். எங்களை மணல் சலிக்கச் சொன்னார்கள், வழக்கமான பொம்பளைக் கூலிக்கு. தளம் போடும் நாளில் எங்களுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அதுவும் போயிற்று.

அவள் மேஸ்திரியிடம் ஓடினாள். "பழைய கூலியே போதுமுங்க. என்னைய நிக்க உடுங்க."

"என்ன அம்மணி இப்படிப் பேசறே? கற்பூரம் அணைச்சுப்போட்டேன். கம்மியாக் குடுத்தா எங்கண்ணு போயிருமல்ல?"

"அப்ப அந்தக் கூலியே குடுங்க."

"அந்தக் கூலிக்கு ஆம்பளையே கெடைக்கறானே கண்ணு."

அதன்பின் எந்தத் தளத்திலும் அவர் பெண்களை வரிசையில் நிறுத்தவில்லை. ஆடி நோம்பிக்கு முன்பே அவள் புருஷனுக்கு மருந்து நின்றுபோனது. மழை பிடிப்பதற்குள் அவனும் போய்விட்டான்.

நான் கோயிலுக்குப் போய் வெகுநேரம் நின்றேன். அந்த ஆள் பொய்ச் சத்தியம் செய்திருந்தால் ஆத்தாளிடம் முறையிட்டிருப்பேன். அவர் சத்தியத்தைக் காப்பாற்றியல்லவா எங்களைத் தொலைத்தார்? என்ன வேண்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.