ஆளுக்கொரு பெட்டி

இரண்டு மரப்பெட்டிகளுக்காக நானும் என் தம்பியும் கொலை விழாத குறையாக அடித்துக்கொண்டோம்.

அப்பா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது பழைய ஆம்ப்ளிபயர், ரெக்கார்ட் பிளேயர், இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு, எல்லாவற்றையும் அவருக்கே கொடுத்துவிட்டார். அப்பா எங்களை நடுவில் உட்காரவைத்துப் பாட்டுப் போடுவார். பாடுகிறவர் வலது பக்கம், வயலின் இடது பக்கம். அப்படி ஒரு சுகம்!

அப்பா செத்ததும் பாகம் பிரிக்கத் தோட்டத் தலைவர் வந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாகம் என்றால் சரிபாதி, மறுபேச்சில்லை. ஆம்ப்ளிபயர் எனக்கு, பிளேயர் தம்பிக்கு, பெட்டி ஆளுக்கொன்று. மகராசன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். ஜோடியைப் பிரித்தால் இரண்டும் வீண் என்று அங்கே ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை, என் மண்டை உட்பட.

தம்பி தன் பெட்டி மேல் டிவியை வைத்தான். நான் பிளேயரை அவனிடம் ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் ஒற்றைப் பெட்டியில் பாடுகிறவர் மட்டும் இருந்தார், வயலினைக் காணோம். அவன் பெட்டியைக் கேட்டேன். ஒரு மூட்டை அரிசிக்குத் தருவதாகச் சொன்னான். பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் கொழும்புக்காரர்களுக்குப் பழைய செட்டு மேல் பைத்தியம் பிடித்தது.

"ஜோடி ரெண்டு லட்சம் போகுதுண்ணே" என்று போனைக் காட்டினான். அடுத்த தடவை மூன்று என்றான். ஹட்டன் கடையில் நான் வாங்கும் சம்பளத்துக்கு அந்த விலையைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வாசலில் வேன். தம்பியும் கினிகத்தேனை யாவாரி ஒருவனும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

"ஒத்தப் பெட்டிய ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான்ணே. பாதிக் காசு ஒனக்குத்தான்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. தம்பி சட்டையைப் பிடித்திழுத்து வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்தது. உதைத்து வாசல் சாக்கடைக் கானுக்குள் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தேன். அவன் செத்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. அவன் கை துழாவி ஒரு விறகுக் கட்டையைப் பிடித்தது. என் இடது காதில் இறங்கியது. ரத்தம் கழுத்தில் ஓடியபோதும் நான் பிடியை விடவில்லை. லயத்து ஆட்கள்தான் பிய்த்தெடுத்தார்கள். யாவாரி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

அந்தக் காது இனிக் கேட்காது என்றார் டாக்டர்.

காயம் ஆறிய பிறகு தம்பி தன் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தான். திரும்பிப் போய் பிளேயரையும் கொண்டுவந்தான். அப்பா வைத்த மாதிரியே வைத்து, என்னை நடுவில் உட்காரச் சொல்லிப் பாட்டைப் போட்டான்.

"வயலின் அந்தப் பக்கம் கேக்குதாண்ணே?"

சமாளித்துப் பேச எனக்கு வராது. "எல்லாம் ஒரே பக்கமாத்தான்டா கேக்குது" என்றேன்.

வயரைக் கழற்றி மாற்றி மாட்டினான். "இப்ப?"

"இல்ல."

மறுபடியும் மாற்றினான். அழுதுகொண்டே மாற்றிக்கொண்டிருந்தான். போதும் என்று நான் சொல்லவில்லை.