பூண்டுப் பால்

கைக்குழந்தையான என் மகனின் டயப்பரில் இரத்தக் கோடுகளைப் பார்த்தேன். என் பால்தான் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட வேண்டியதுதான் என்ற முடிவோடு மலேசியாவில் எங்கள் ஊரான ஸ்கூடாயில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் நானும் கணவரும் போனோம்.

"தாய்ப்பால நிறுத்தாதீங்க. நீங்க குடிக்கிற மாட்டுப்பாலோட புரதம் உங்க பால் வழியாப் போகுது. அதுதான் அவனுக்கு அலர்ஜி. நீங்க மாட்டுப்பால விட்டுப் பாருங்க" என்றார் டாக்டர்.

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பால் ஊற வேண்டுமென்று, எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தினமும் பாலில் பூண்டை வேகவைத்துக் கொடுத்தவர் அவர்தான். நான் முகம் சுளித்தால், "புள்ளைக்காகக் குடிச்சிரு லா" என்று தம்ளரை வாயருகே பிடிப்பார்.

"அப்ப நான்தானா டாக்டர்?" என்று கேட்டார்.

"தெரியாம செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் டாக்டர். கணவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

மாட்டுப்பாலை விட்டேன். சில வாரங்களில் இரத்தம் நின்றது. இப்போது மகன் கஞ்சி சாப்பிடுகிறான். கிண்ணத்தை நீட்டினால் கணவர், "நீயே ஊட்டு" என்று எழுந்து போய்விடுகிறார்.

மகனுக்காக மாட்டுப்பாலை நிறுத்தினேன். இவருக்காக எதை நிறுத்துவதென்று இன்னும் தெரியவில்லை.