பத்தொன்பதாம் நாள் அவிழ்த்த கைப்பட்டை

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. மழை இல்லை, மேகமூட்டமும் புழுதியைக் கிளப்பும் மேல்காற்றும். குன்னத்தூரில் என் மகள் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. எங்கள் ஊர் மண்ணரையிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டு போயிருந்தோம்.

என் மகனின் மகளுக்கு வயது பதினாறு. பள்ளி வாலிபால் அணியில் பந்தை ஓங்கி அடிப்பவள். எட்டு மாதத்தில் நான்கு முறை வலது தோள் மூட்டு நழுவியது. நான்கு முறையும் நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டு அழைத்து வந்தோம். ஐந்தாம் முறை தூக்கத்தில் புரண்டபோதே நழுவியது. பிறகுதான் கோவையில் அறுவை சிகிச்சை. மூன்று துளை போட்டு, மூட்டின் ஓரத்தில் கிழிந்திருந்த சவ்வை எலும்போடு தைத்தார்கள். கையை உடம்போடு கட்டும் பட்டையை நாற்பத்திரண்டு நாள் கழற்றக் கூடாது, அடுத்த ஆண்டு ஆடலாம் என்றார் டாக்டர். அவள் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். அன்று பத்தொன்பதாம் நாள்.

மண்டப வாசலில் சீர்த்தட்டுகளை எண்ணினேன். இருபத்தொன்று. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். தூக்கும் பெண்கள் இருபது பேர். "ஒரு ஆள் குறையுது" என்று நான்தான் கத்தினேன்.

அவள் அம்மா, என் மருமகள், ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருந்தாள். "இந்தக் கட்டோட நிக்கறாளே மாமா. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க, கை ஊனமான்னு கேப்பாங்க."

என் மகளின் நாத்தனார் சிரித்தாள். "ஏனுங்க மாமா, பேத்தியக் கட்டிப்போட்டே கூட்டியாந்திருக்கறீங்க? அத்தனை சேட்டைங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூசியது. "வாழைப்பழத் தட்டுதான். ரெண்டு கிலோகூட இல்ல. அறுபதடி தூரம்" என்றேன் பேத்தியிடம்.

"அப்பாரு, டாக்டரு கழட்டவே வேண்டாம்னாருங்களே" என்றாள் பேத்தி.

"இடது கையில புடி சாமி. வலது கையச் சும்மா ஒட்டிக்க."

பட்டையின் மூன்று ஒட்டுகளையும் பிரித்தவன் நான்.

முப்பதடி போயிருப்பாள். படியில் முன்னால் போனவள் சட்டென்று நின்றாள். தட்டு சரிந்தது, இவள் வலது கையை நீட்டிப் பிடித்தாள். முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்தாள். "ஐயோ, சீரு!" என்று பழங்களைப் பொறுக்கத்தான் முதலில் குனிந்தார்கள். மேளம் நிற்கவில்லை. நானும் இருபத்தொரு தட்டும் உள்ளே போயிற்றா என்று பார்த்தேன்.

தைத்தது பிய்ந்துவிட்டது. இரண்டாம் முறை தோளைத் திறந்து, பக்கத்து எலும்பில் ஒரு துண்டை வெட்டி, மூட்டின் விளிம்பில் இரண்டு திருகாணியால் முடுக்கினார்கள். தோள் இனி நிற்கும், ஓங்கி அடிக்கும் ஆட்டம் வேண்டாம் என்றார் டாக்டர். அவள் பந்தை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

மகன் செலவில் பாதி தருகிறேன் என்றான், நான் வாங்கவில்லை. என் வைப்புத் தொகையை உடைத்துக் கட்டினேன். அறை வாடகை, திருகாணி, மருந்து, கார் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.