நான் கழுவிய கால்மிதி

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தேன். வேலை என்றால், தூக்குவது. மூளையைப் பயன்படுத்த யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒருமுறை பயன்படுத்திவிட்டேன்.

வெலிங்டன் தீவுக்கு அருகே ஒரு பாய்மரப் படகு நின்றது. அதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. போர்ட் கொச்சியில் அவர்களோடு ஒட்டிக்கொண்ட தெருநாய் ஒன்று. அரபிக்கடல் தாண்டி ஏடனுக்குப் பயணம். மூன்று வாரத்துக்குக் கரையே கிடையாது. அரிசியும் தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஏற்றி ஏற்றி என் இடுப்பு தனியே கழன்றுவிடும் போலிருந்தது.

நாயோ கரையைத் தவிர எங்கும் ஒன்றுக்குப் போகாது. படகிலேயே போகப் பழகாவிட்டால் அதை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்த அம்மாள் ஒரு கயிற்றுக் கால்மிதியைப் போட்டு, நாள்கணக்கில் பொறுமையாகப் பழக்கியதில், ஒருவழியாக அது அதில் போகத் தொடங்கியிருந்தது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவர்கள் துறைமுக அலுவலகத்துக்குப் போயிருந்த நேரம், நாற்றமடித்த கால்மிதியைக் கண்டேன். நெடும்பயணம் போகிறவர்களை இப்படியா அனுப்புவது? சோப்புப் போட்டுத் தேய்த்து, பினாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்தேன்.

திரும்பி வந்த அம்மாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாய் ஒருமுறை மோந்துவிட்டுக் கரையைப் பார்த்து நின்றது.

சாமான்களைப் படகுவரை கொண்டுவரும் எங்கள் தோணிக்காரச் சேட்டன்தான் விளக்கினார்: "எடோ, அது நாயோட கக்கூஸாணு. அந்த வாசனை இருந்தாத்தான் அது போகும். நீ போய் பினாயில் ஊத்தி வெச்சிருக்கியே."

புறப்பட மூன்றே நாள். கடையிலிருந்து புதுக் கால்மிதி ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், மிளகுக் கிடங்கு மூலையில், தெருநாய்கள் எல்லாம் கால் தூக்கும் விளக்குக் கம்பத்தடியில் விரித்தேன். யாரும் திருடாமலும், என்னைப்போல் யாரும் கழுவாமலும் இருக்க, இரண்டு பகல் காவல் இருந்தேன். உட்கார்ந்தே இவ்வளவு களைத்துப்போவேன் என்று நினைத்ததில்லை.

"என்ன சாமி, புதுக் கடையா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

"ஆமா, நாய்களுக்கு மட்டும்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் அதைத் தலையில் சுமந்து படகேற்றினேன். நாய் மோந்தது, சுற்றியது, மறுபடி மோந்தது. பிறகு, தன் இடத்தில் எவனோ புகுந்துவிட்டான் என்ற கோபத்தோடு காலைத் தூக்கியது. அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கால்மிதியைத் தூக்கிய அதே கையை.

அன்றிலிருந்து யாருடைய அழுக்கானாலும், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்காமல் கை வைப்பதில்லை. என் மனைவி அதைச் சோம்பல் என்கிறாள், நான் அந்த நாயிடம் கற்ற மரியாதை என்கிறேன்.