விலங்கோடு குதித்தவர்களுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர்

2007 ஆகஸ்ட் 12, ஞாயிறு. ஆடி அமாவாசை. காலை ஒன்பது மணிக்கு நானும் சிவநேசனும் ஆஸ்லோ புறநகரான அம்மருட்டில் ரயில் ஏறினோம். பழைய கப்பல் குறிப்புகளைப் படிக்க மதுரையிலிருந்து ஆஸ்லோ நூலகத்துக்கு வந்த எனக்கு இரண்டு வாரமாக வீட்டில் இடம் கொடுத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் அவர். புறப்படும்போது அவர் மனைவி ராஜி எள்ளுப் பொட்டலத்தை என்னிடம் தந்தாள். "இந்த வருசமாவது தம்பியாருக்கும் தண்ணி விடச் சொல்லுங்கோ அக்கா" என்றாள்.

சிவநேசனின் தம்பி 1990இல் ராமேஸ்வரத்துக்குப் படகேறியவன். படகும் கரை சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும் சிவநேசன், தம்பி முறை வந்ததும் கையைக் கழுவிவிடுவாராம். மனுசன் இப்படியே உருகிப் போகிறாரே என்று ராஜிக்குக் கவலை.

இருபது நிமிட ரயில், ஆளுக்கு 22 குரோனர். பிறகு நகர மண்டபத் துறையிலிருந்து பிக்டோய் தீபகற்பத்துக்குப் படகு, கால் மணி நேரம். அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் நான் சும்மா இருப்பேனா? நூலகத்தில் படித்ததை மெல்ல எடுத்துவிட்டேன். டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசாக இருந்த காலம். ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை ஏற்றிய கப்பல். மேல்தளத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மாலுமிகள்மேல் பாய்ந்தார்கள். துப்பாக்கிகளுக்கு முன் தாக்குப்பிடிக்க முடியாமல், இருவர் இருவராகப் பூட்டிய விலங்கோடு கடலில் குதித்தார்கள். உடன் வந்த வைத்தியர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். குதித்தவர்களின் பெயர்தான் அதில் இல்லை. அவர்களுக்கு எள் இறைக்க யார் இருக்கிறார்கள் என்று வேண்டுமென்றே கேட்டு நிறுத்தினேன். சிவநேசன் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிக்டோயில் வெயில் காய வந்தவர்களைத் தாண்டி, ஆளில்லாத பாறையொன்றில் இறங்கினோம். அப்பாவுக்கு விட்டார். பிறகு மறுபடியும் எள் எடுத்தார். தம்பிக்குத்தான் என்று நினைத்தேன்.

"அந்தக் கப்பல் ஆக்களுக்கு" என்றார். மூன்று முறை விட்டுவிட்டு, மிச்ச எள்ளை மடித்துப் பையில் வைத்தார்.

தம்பிக்கு இல்லையா என்று கேட்டே விட்டேன்.

"அவையள் குதிச்சதை ஒருத்தர் கண்டு எழுதி வச்சிருக்கிறார், அக்கா. என்ரை தம்பி செத்ததை ஆரும் காணேல்லையே."

என் சாமர்த்தியம் அவ்வளவுதான். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றி, கையைப் பிடித்துப் பாறையிலிருந்து ஏற்றிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்பினோம். ராஜி சாமி படத்தின் முன் படையலுக்கு இரண்டு இலை போட்டிருந்தாள். மாமனாருக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று. சிவநேசன் இரண்டாவது இலையை எடுத்துக்கொண்டு வந்து, நாங்கள் சாப்பிடும் மேசையில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்தார்.

ராஜி அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒரு டம்ளரில் குடிக்கத் தண்ணீர் ஊற்றி, அந்த இலையோரம் வைத்தாள்.